வீட்டுக் கணினியில் ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

கணினியில் ஏதேனும் கோளாறு தென்பட்டவுடன் புதிதாக ஓர் ஆன்டிவைரஸை நிறுவிப் பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. நான் பழுது பார்த்த கணினிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கோளாறுக்குக் காரணமே அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவப்பட்ட பாதுகாப்பு மென்பொருள்கள்தான். எனவே எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், இப்போது கணினியில் என்ன இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்பதை அறிய வேண்டும். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் கணினியில் காணும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம்; ஆனால் முதல் பகுதியை மட்டும் அனைவரும் படித்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, அதன் அமைப்புகளுக்குள் ‘செக்யூரிட்டி புரொவைடர்ஸ்’ என்னும் பக்கத்துக்குச் செல்லுங்கள். ஆன்டிவைரஸாகத் தன்னைப் பதிவு செய்துகொண்டவை எவை, ஃபயர்வாலாக (வலைப்பின்னல் வழியே வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தும் காவலாக) பதிவு செய்துகொண்டவை எவை, அவற்றில் எது இயங்குகிறது, எது அணைந்து கிடக்கிறது என்பது ஒரே இடத்தில் தெரியும். அதோடு, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். கணினி வாங்கும்போதே உடன் வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ், வேறு ஏதோ ஒரு மென்பொருளை நிறுவும்போது கவனிக்காமல் விட்ட டிக் குறியால் ஒட்டிக்கொண்டு வந்த ‘வேகம் கூட்டும்’ கருவி ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் டிஃபெண்டர் என்னும் ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. ஃபயர்வாலோ அதற்கும் முன்பே, 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தது முதல் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. ஆகவே, நீங்கள் எதையும் நிறுவாவிட்டாலும் இவ்விரண்டும் இருக்கின்றன என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி: கணினி ஆமை வேகத்தில் நகர்கிறது

உறவினர் ஒருவரின் மடிக்கணினியில் ஒரு கோப்புறையைத் திறக்க இருபது நொடிக்கு மேல் ஆயிற்று. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு அம்புக்குறியைச் சொடுக்கியபோது மூன்று கேடயச் சின்னங்கள் வரிசையாக நின்றன: சந்தா முடிந்துபோன ஒன்று, இலவசமாக இறக்கியது ஒன்று, உலாவியோடு சேர்ந்து வந்தது ஒன்று. இயங்கும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தி 100 விழுக்காட்டைத் தொட்டு, இறங்காமல் அங்கேயே நின்றது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தீர்வு தானாகவே விளங்கும். ஆன்டிவைரஸ் என்பது ஓரமாக அமர்ந்து வேடிக்கை பார்க்கும் செயலி அன்று. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அந்தக் கோரிக்கை கோப்பு அமைப்பைச் சென்றடைவதற்குள் இடைமறித்து, கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகே அனுமதிக்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருந்தால், ஒன்று சோதிப்பதற்காகக் கோப்பைத் திறப்பதையே மற்றொன்று ஒரு புதிய கோரிக்கையாகக் கருதித் தானும் சோதிக்கத் தொடங்கும். ஒன்று தனியே ஒதுக்கி வைத்த வைரஸ் கோப்பை மற்றொன்று கண்டுபிடித்து எச்சரிப்பதும் உண்டு. பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை, வேலை மட்டுமே பெருகுகிறது. டிஃபெண்டர், வேறோர் ஆன்டிவைரஸ் முறையாகப் பதிவு செய்துகொண்டதை அறிந்தவுடன் தானாக ஒதுங்கிக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. வெளியிலிருந்து நிறுவப்படும் இரண்டு ஆன்டிவைரஸ்களுக்கிடையே அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

தீர்வு ஒன்றே. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும். சந்தா காலாவதியானதை முதலில் நீக்குங்கள். ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அவசரப்பட்டு மூன்றையும் ஒரே மூச்சில் நீக்கினால், கோளாறு எதனால் வந்தது என்பதும் தெரியாது, மிச்சங்களும் தங்கிவிடும். அந்த மடிக்கணினியில் இரண்டை நீக்கிய பிறகே டிஸ்க் பத்தியின் எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

ஓர் ஆன்டிவைரஸ் மட்டுமே இருந்தும் மெதுவாக இருக்கிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்ற பெயர் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். அது டிஃபெண்டரின் இயக்கி. வெகுநாள் அணைத்து வைத்திருந்த கணினியை இயக்கியவுடன், தவறிப்போன சோதனையை அது செய்து முடிப்பது இயல்பே. அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் அதே நிலை நீடித்தால், பல்லாயிரம் சிறு கோப்புகள் அடங்கிய ஏதோ ஒரு கோப்புறை திரும்பத் திரும்பச் சோதிக்கப்படுகிறது என்று கொள்ளலாம். அதற்கு விலக்கு அளிக்க வசதி உண்டு. ஆனால் டவுன்லோட்ஸ் கோப்புறைக்கோ சி டிரைவ் முழுமைக்குமோ ஒருபோதும் விலக்கு அளிக்காதீர்கள். தீய கோப்பு முதலில் வந்து இறங்கும் இடமே அதுதான்.

அறிகுறி: ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்’ என்று திரை முழுவதும் எச்சரிக்கை

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வைரஸால் இழப்பதைவிட, வைரஸ் என்ற அச்சத்தால் பணத்தை இழந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

முதலில் அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறியுங்கள். உண்மையான ஆன்டிவைரஸ் எச்சரிக்கையில் பாதிக்கப்பட்ட கோப்பின் பெயரும் அது இருக்கும் இடமும் காட்டப்படும். அந்த ஆன்டிவைரஸைத் திறந்து பார்த்தால் வரலாற்றிலும் அதே பதிவு இருக்கும். தொலைபேசி எண்ணைக் காட்டி உடனே அழைக்கச் சொல்வது, ஒலிபெருக்கியில் அலறுவது, நொடிகளை எண்ணிக் காட்டுவது ஆகிய மூன்றையும் எந்த முறையான ஆன்டிவைரஸும் செய்யாது. அது ஓர் இணையப் பக்கம், அவ்வளவே.

திரை முழுவதையும் அது அடைத்துக்கொண்டு மூட முடியாமல் இருந்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை முடித்துவிடுங்கள். மீண்டும் உலாவியைத் திறக்கும்போது ‘முந்தைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திரையின் மூலையில் அடிக்கடி சிறு பெட்டியாக வந்துகொண்டிருந்தால், எப்போதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். உலாவியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில், அறிவிப்புக்கு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்கு அறிமுகமில்லாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். ‘நான் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதைச் சொடுக்கவும்’ என்று கேட்ட ஏதோ ஒரு பக்கத்தில்தான் இந்த அனுமதி போயிருக்கும். இதற்கு எந்த ஆன்டிவைரஸும் வாங்கத் தேவையில்லை.

அந்த எண்ணை ஏற்கெனவே அழைத்து, மறுமுனையில் இருந்தவர் சொன்னபடி தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியையும் நிறுவிவிட்டீர்கள் என்றால் நிலைமை வேறு. இணையத்தை உடனே துண்டியுங்கள். அந்தச் செயலியை நீக்குங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள், ஆனால் அதே கணினியிலிருந்து அல்ல, வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தாமதிப்பதுதான் இதில் மிகப் பெரிய இழப்பைத் தருகிறது.

அறிகுறி: நிகழ்நேரப் பாதுகாப்பை இயக்க முடியவில்லை

கோப்புகளைத் திறக்கும்போதே சோதிக்கும் இந்தப் பாதுகாப்பின் பொத்தான் சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடந்தால், முதல் ஐயம் வேறோர் ஆன்டிவைரஸின் மிச்சம். வழக்கமான முறையில் நீக்கிய பிறகும் சில இயக்கிகளும் பதிவுகளும் தங்கிவிடுவதுண்டு. அதனால் விண்டோஸ், அந்தப் பழைய ஆன்டிவைரஸ் இன்னமும் காவலில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். முன்னணி நிறுவனங்கள் பலவும் தத்தம் ஆன்டிவைரஸை அடியோடு களையத் தனி நீக்கக் கருவியை வழங்குகின்றன. அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி இயக்குங்கள்.

‘இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்’ என்ற வாசகம் அலுவலகக் கணினியில் வந்தால் வியப்பில்லை. சொந்தக் கணினியில் வந்தால் கவலைப்பட வேண்டும். விண்டோஸை ‘மெலிதாக்கும்’ கருவி எதையேனும் நீங்களே இயக்கியிருக்கலாம். இல்லையென்றால், தீய மென்பொருள் ஒன்று உள்ளே வந்து முதல் வேலையாகக் காவலைக் கட்டிப்போட்டிருக்கலாம். பின்னதைச் சோதிக்க, விண்டோஸ் செக்யூரிட்டியின் சோதனை வகைகளில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழுந்திருக்கும் முன்பே சோதனை நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். விண்டோஸ் இயங்கும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் தீய மென்பொருளுக்கு, அந்த நேரத்தில் ஒளிவதற்கு வழியில்லை என்பதே இதன் சிறப்பு. சுத்தமான பிறகு ‘டாம்பர் புரொடெக்‌ஷன்’ என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். பிற செயலிகள் டிஃபெண்டரின் அமைப்புகளை மாற்றுவதை அதுதான் தடுக்கிறது.

அறிகுறி: ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மறுக்கிறது

கணினியின் தேதியைப் பாருங்கள். இதைக் கேட்டு வியப்பவர்கள் உண்டு. ஆனால் தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும், புதுப்பிப்புச் சேவையகத்துடன் இணைப்பு ஏற்படாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அடுத்து, வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி, மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், அது தீய மென்பொருளின் கைவரிசை என்றே கருதி, முன்னே சொன்ன ஆஃப்லைன் சோதனையைச் செய்யுங்கள்.

ஆன்டிவைரஸ் புதிதாக இருந்தும் விண்டோஸ் பழையதாக இருந்தால் போதாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்னும் தீய மென்பொருள், கோப்புப் பகிர்வுக்கான 445 என்ற போர்ட் (வலைத் தொடர்புக்கான எண்ணிட்ட வாசல்) வழியாக, யாரும் எதையும் சொடுக்காமலேயே கணினிக்குக் கணினி தாவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் புதுப்பிக்காமல் தள்ளிப்போட்டவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேராமல் விண்டோஸ் 10-ஐத் தொடர்பவர்கள், ஆன்டிவைரஸுக்குச் செலவிடும் முன் விண்டோஸை மாற்றுவதைப் பற்றி எண்ண வேண்டும்.

அறிகுறி: ஆன்டிவைரஸை நிறுவிய பின், அல்லது நீக்கிய பின், இணையம் இல்லை

கைபேசியில் அதே வைஃபை வேலை செய்கிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால், ரூட்டரைத் தொட வேண்டாம். ஆன்டிவைரஸ் சில, வலைப் போக்குவரத்தைச் சோதிப்பதற்காகத் தங்களை நடுவில் நிறுத்திக்கொள்கின்றன. நீக்கும்போது அந்த நடுவர் மட்டும் போய்விட்டு, அவரிடம் செல்லச் சொல்லும் அமைப்பு அப்படியே தங்கிவிடும். இத்தகைய நடுவருக்கு ‘பிராக்ஸி’ என்று பெயர். நெட்வொர்க் அமைப்புகளில் அந்தப் பெயருள்ள பக்கத்தைத் திறந்து, கைமுறை பிராக்ஸி இயங்குகிறதா, முகவரியில் 127.0.0.1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உங்கள் சொந்தக் கணினியையே குறிக்கிறது. அங்கே பதில் சொல்ல எவரும் இல்லாததால்தான் பக்கங்கள் திறப்பதில்லை. அதை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிராக்ஸி இல்லையென்றால், அந்த நிறுவனத்தின் நீக்கக் கருவியை வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து இயக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்ற கடைசி வழி உண்டு. அது வைஃபை கடவுச்சொற்களை மறந்துவிடும். முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இணையம் உண்டு, ஒரு செயலியோ பிரிண்டரோ மட்டும் தொடர்பு கொள்ளவில்லை

இப்போதுதான் ஃபயர்வாலை ஐயப்பட வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால், இயல்பான நிலையில், உங்கள் கணினியிலிருந்து வெளியே செல்வதை அனுமதிக்கிறது. வெளியிலிருந்து அழையாமல் உள்ளே வருவதைத் தடுக்கிறது. எனவே உலாவி வேலை செய்யும், ஆனால் வீட்டிலுள்ள மற்றொரு கணினி உங்கள் கோப்புறையைக் காண முடியாமல் போகலாம். வீட்டு வைஃபையை விண்டோஸ் ‘பொது’ வலைப்பின்னல் என்று குறித்து வைத்திருப்பதே இதற்கு மிகப் பொதுவான காரணம். அந்த இணைப்பின் பண்புகளில் ‘தனிப்பட்ட’ வகைக்கு மாற்றினாலே பிரிண்டரும் பகிர்வும் தென்படத் தொடங்கும். வெளியிடங்களில் கிடைக்கும் வைஃபையில் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது.

அதற்கும் சரியாகாவிட்டால், ஃபயர்வாலை ஒரு நிமிடம் மட்டும் அணைத்து, செயலி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு உடனே இயக்குங்கள். அந்த ஒரு நிமிடம் நோயறிவதற்கான சோதனை. அதையே மருந்தாக்கிவிடக் கூடாது. செயலி இயங்கியது என்றால், ‘ஃபயர்வால் வழியாக ஒரு செயலியை அனுமதி’ என்ற பக்கத்தில் அந்தச் செயலிக்கு மட்டும், தனிப்பட்ட வலைப்பின்னலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். போர்ட் எண்ணைத் திறந்துவிடுவதைவிட இது மேலானது. செயலி மூடியிருக்கும்போது அந்த வழியும் மூடியிருக்கும்.

ஃபயர்வாலை அணைத்தே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்னும் புழு (தானாகவே கணினிக்குக் கணினி பரவும் தீய மென்பொருள்) ஒரு சான்று. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது. ஆனால் இயல்பாக அணைந்து கிடந்தது. இணையத்தில் இணைத்த மாத்திரத்தில், 135 என்ற போர்ட் வழியே புழு உள்ளே நுழைந்து கணினியைத் தானாக மறுதொடக்கம் செய்தது.

ரூட்டரில் ஒரு ஃபயர்வால், கணினியில் ஒன்று என இருப்பது முரண்பாடன்று; ஒன்று வாசலைக் காக்கிறது, மற்றது அறையைக் காக்கிறது. கணினிக்குள்ளேயே இரண்டு ஃபயர்வால்கள் இருப்பதுதான் தொல்லை.

அறிகுறி: நல்ல கோப்பை வைரஸ் என்று பிடித்து வைத்திருக்கிறது

ஆன்டிவைரஸ்கள் தவறு செய்வதுண்டு. 2010 ஏப்ரலில் புகழ்பெற்ற ஓர் ஆன்டிவைரஸின் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று கருதி நீக்கியதால், ஏராளமான கணினிகள் எழுந்திருக்க முடியாமல் போயின. எனவே கோப்பை உடனே அழிக்காமல், தனியே ஒதுக்கிய நிலையிலேயே விட்டு, ‘வைரஸ்டோட்டல்’ போன்ற, பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு ஒருசேரச் சோதிக்கும் தளத்தில் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்கக்கூடும். பெரும்பாலானவை ஒருமித்துச் சொன்னால் ஐயமே வேண்டாம். அங்கே பதிவேற்றுபவை பாதுகாப்பு ஆய்வாளர்களுடன் பகிரப்படுகின்றன என்பதால், வங்கி அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள். ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்று குறிப்பு எழுதிய திருட்டு மென்பொருளைப் பொறுத்தவரை, அந்தக் குறிப்பே தீர்ப்பு.

அறிகுறி: கோப்புகள் திறக்கவில்லை, பெயரின் வால் (புள்ளிக்குப் பின் வரும் பகுதி) மாறியிருக்கிறது

இது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள். இணைய இணைப்பையும், வெளியே செருகியுள்ள வட்டுகளையும் உடனே துண்டியுங்கள். ஆன்டிவைரஸ் அந்தத் தீநிரலை நீக்கும். பூட்டிய கோப்புகளைத் திறந்து தராது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல்கள் கிடைக்கின்றன. பணம் செலுத்தினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதி கிடையாது. உறுதியான மீட்பு, கணினியிலிருந்து கழற்றி வைத்த வட்டில் உள்ள காப்புப்பிரதிதான்.

இவற்றுக்குப் பிறகும் வேறு ஆன்டிவைரஸ் வேண்டுமென்றால்

விளம்பரத்தைப் பார்க்காமல் சோதனைக் கூடங்களின் முடிவுகளைப் பாருங்கள். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஏவி கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் ஆண்டு முழுவதும் சோதிக்கின்றன. ஏவி டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என்று மொத்தம் 18 புள்ளிகள் தருகிறது. ஒரே ஒரு முறை பெற்ற முழு மதிப்பெண்ணைவிட, பல முறை தொடர்ந்து பெற்ற நல்ல மதிப்பெண்ணையே நான் நம்புவேன். கவனமாக உலாவும் ஒருவருக்கு டிஃபெண்டரும் விண்டோஸ் ஃபயர்வாலும் போதும் என்பதே என் கருத்து. வீட்டில் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்துகிறார்கள், குழந்தைகளுக்கான கட்டுப்பாடும் பல கருவிகளுக்கு ஒரே சந்தாவும் வேண்டும் என்றால், கட்டண ஆன்டிவைரஸுக்குப் பொருளுண்டு. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவின் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் முதல் ஆண்டைவிடப் பன்மடங்கு உயர்வதுண்டு. வாங்கும் நாளிலேயே அதைப் படித்துவிடுங்கள்.

புதியதை நிறுவும் வரிசை முக்கியமானது. புதியதன் நிறுவியை முதலில் இறக்கி வையுங்கள். பிறகு பழையதை நீக்கி, மறுதொடக்கம் செய்து, அதன் பின்னரே புதியதை நிறுவுங்கள். முடிந்ததும் ஐகார் (EICAR) என்னும் ஆன்டிவைரஸ் ஆய்வு அமைப்பின் தளத்திலிருந்து 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட சோதனைக் கோப்பை இறக்கிப் பாருங்கள். அதில் எந்தத் தீங்கும் இல்லை. ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸாகக் கருத வேண்டும் என்பது துறையினர் செய்துகொண்ட ஏற்பாடு. உலாவியோ ஆன்டிவைரஸோ அதை நொடிகளில் பிடித்தால் காவல் விழித்திருக்கிறது. கோப்பு அமைதியாக டவுன்லோட்ஸ் கோப்புறையில் வந்து அமர்ந்து, திறந்தும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றால், செக்யூரிட்டி புரொவைடர்ஸ் பக்கத்துக்குத் திரும்பச் சென்று முதல் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.